நான் அழித்த தழும்பு

என்னால் ஓரிடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள், பெருமையாகச் சொன்னதில்லை. நல்லவேளை, பிழைக்க வாய்த்த ஊர் திருப்பூர். இங்கே மெதுவாக நடக்கிறவரைத்தான் 'ஏனுங்க, உடம்புக்கு ஆகலைங்களா?' என்று கேட்பார்கள். ஓடுகிறவரை யாரும் கேட்பதில்லை.

எனக்கு இரண்டு தொழில். காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கும் என் ஸ்டுடியோவில் ஆட்களைப் படம் எடுப்பேன். பதினொரு மணிக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு நாளிதழுக்காக ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றுவேன். குடோனில் தீப்பிடித்தாலும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தாலும், அமைச்சர் ரிப்பன் வெட்டினாலும் அங்கே நான் நிற்பேன். சம்பளக்காரி இல்லை, படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும் பகுதிநேர ஆள். ஆனாலும் கழுத்தில் அட்டை தொங்கும். அந்த அட்டையின் மீது எனக்கு ஒரு மயக்கம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

கேமராவைத் தொடுவதற்கு முன் ஆறு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நின்றேன். ட்யூப் லைட் எரியும் மேஜைக்கு முன் நின்றபடி, தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் கண்ணுக்குத் தப்பக்கூடாது. ஓட்டை விழுந்த பீஸைத் தனியே போட்டுவிடுவோம். கறை என்றால் மருந்து அடித்து எடுத்துவிட்டு நல்ல பீஸோடு சேர்த்துவிடுவோம். சேர்த்த பிறகு அது எந்தப் பீஸ் என்று எங்களுக்கே தெரியாது. தெரிந்தால் கறை சரியாகப் போகவில்லை என்று அர்த்தம்.

ஒருநாள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஒருவர் கம்பெனிக்கு வந்தார். எங்கள் லைனில் இருபது பேரை எடுத்ததில் ஏழு பேருக்குக் கண் மூடியிருந்தது. எனக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, இது பீஸா இருந்தா ஏழும் ரிஜெக்ட்டுங்க" என்றேன். அவர் கேமராவை என் கையில் கொடுத்து, "அப்ப நீயே எடும்மா பாக்கலாம்" என்றார். எடுத்தேன். ஒருத்தருக்கும் கண் மூடவில்லை. மனிதர்கள் எப்போது கண் சிமிட்டுவார்கள் என்பது ஆறு வருஷம் பீஸ் பார்த்த எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அடுத்த வருஷம் நானே ஒரு பழைய கேமரா வாங்கிவிட்டேன்.

ஸ்டுடியோவில் நான் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியது படம் எடுப்பதில் அல்ல, எடுத்த பிறகு செய்வதில்தான். பரு, மங்கு, கண்ணுக்குக் கீழே ஒன்றரை ஷிப்ட் பார்த்த கருப்பு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து துடைத்துவிடுவேன். யாரும் கேட்க வேண்டியதில்லை. பெண் பார்க்கக் கொடுக்கும் படத்துக்கு வேறு ஊரிலிருந்தெல்லாம் வருவார்கள். "நீங்க எடுத்தா கல்யாணம் ஆயிருமுங்க" என்று ஓர் அம்மா சொல்லிவிட்டுப் போனதை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாளிதழில் அதற்கு நேர் எதிரான சட்டம். டெஸ்கில் இருந்த மூத்தவர், நான் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: "படத்தை வெட்டலாம். வெளிச்சம் கூட்டலாம், குறைக்கலாம். அதுக்கு மேல ஒரு புள்ளியத் தொட்டாலும் அது செய்தி இல்லம்மா, பொய்." நானும் தொட்டதில்லை. காலையில் பொய், மதியம் நிஜம், நடுவில் ஒரு டீ என்று என்னை நானே கேலி செய்துகொள்வேன். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது என்று நம்பினேன். அப்படி நம்பித்தான் கோட்டை விட்டேன்.

அந்த அண்ணனும் தங்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போன கூட்டம் திரும்பியிருந்த நேரம். அவள் ஓவர்லாக் டெய்லர், கோவில்பட்டிப் பக்கம். முப்பது வயது இருக்கும். அண்ணன் இரண்டு மூன்று வயது மூத்தவர். அம்மா இறந்துவிட்டதால் அவரைத் தன்னோடு அழைத்து வந்துவிட்டதாகச் சொன்னாள்.

"அவனுக்கு எல்லாம் நிதானமாத்தான்க்கா புரியும். சின்னதுலயே அப்பிடித்தான். ஆனா நல்லவன்" என்றாள்.

அண்ணனின் இடது கன்னம் கண்ணுக்குக் கீழிருந்து கழுத்துவரை வெந்து, தோல் சுருங்கி, உதட்டின் ஓரத்தைக் கீழே இழுத்து வைத்திருந்தது. அது ஏன் எப்படி என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் ஸ்டூலில் உட்காராமல் எழுந்து எழுந்து போய் லைட்டின் குடையைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு உடனே அவரைப் பிடித்துப்போயிற்று. நம்ம ரகம். ஒருவழியாக உட்கார வைத்து, தங்கையைப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கை போடச் சொல்லி எடுத்தேன். சிரிக்கச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். தங்கைதான் சிரிக்கவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நான் அசையாமல் உட்காரும் ஒரே வேலை அதுதான். வலது கன்னத்தை எடுத்துத் திருப்பி இடது பக்கம் ஒட்டினேன். உதட்டை நேராக்கினேன், கழுத்தை வழித்தேன், நிறத்தையும் ஒரு சுற்று ஏற்றினேன். முடிந்தபோது திரையில் ஒரு மாப்பிள்ளை இருந்தார்.

படம் வாங்க வந்தவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பெருசா ஒண்ணு போட்டுத் தாங்கக்கா, வீட்ல மாட்டணும்" என்றாள். அந்தக் கண்ணீரை நான் எனக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டேன். சித்திரையில் இடம் போதாமல் பழைய படங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து கழித்தபோது, வேலை பார்த்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கன்னத்தோடு எடுத்த நிஜப் படத்தை அழித்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

அது முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கும்போது அவள் படியேறி ஓடி வந்தாள். கம்பெனி அட்டை கழுத்தில் பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

"அக்கா, எங்கண்ணனக் காங்கலக்கா."

முந்தின நாள் மதியத்திலிருந்து காணவில்லை. அவள் வேலைக்குப் போகும்போது அவரை லைன் வீட்டில் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவாளாம். மதியம் பக்கத்து வீட்டம்மா திறந்து சோறு கொடுப்பாள். அன்றைக்குத் திறந்துவிட்டு, குழாயில் தண்ணீர் வந்த சத்தம் கேட்டு அந்தம்மா குடத்தோடு ஓடியிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை. இரவெல்லாம் தேடிவிட்டுக் காலையில் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்திருந்தாள்.

"நீங்க பேப்பர்லதானக்கா இருக்கிய. அவன் படத்தப் போடுங்கக்கா. நீங்க எடுத்தத விட்டா அவனுக்கு வேற படமே இல்ல. அவனுக்கு வீட்டு அட்ரஸ்கூடச் சொல்லத் தெரியாதுக்கா."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பல்லடம் ரோட்டில் வேஸ்ட் பஞ்சு குடோன் எரிகிறது, உடனே வா என்றார்கள். போனை ஒரு காதில் வைத்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தேன். அண்ணனும் தங்கையும் இருந்த படத்தில் அண்ணனை மட்டும் வெட்டினேன். அவர் தோளில் அவள் விரல் நுனிகள் மிச்சம் இருந்தன, அதையும் அழித்தேன்.

"அடையாளம் ஏதாச்சும் சொல்லு கண்ணு, எழுதோணும்."

அவள் தரையைப் பார்த்தாள். "ஊதாச் சட்டைக்கா. கட்டம் போட்ட சாரம் கட்டிருந்தான், லுங்கி. வலது கையில கறுப்புக் கயிறு."

"வேற?"

"வேற... ஒண்ணுமில்லக்கா."

திரையில் இருந்த முகத்தைப் பார்த்து 'சிவந்த நிறம்' என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். அனுப்பிவிட்டு, அவளைப் படியிலேயே விட்டுவிட்டு, தீயைப் பார்க்கப் பறந்தேன்.

அந்தக் கன்னம் எனக்கு எப்படி ஞாபகம் வராமல் போயிற்று என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவரை நேரில் பார்த்தது பதினைந்து நிமிஷம், திரையில் பார்த்தது ஒரு மணி நேரம். அதற்கப்புறம் நூற்றுக்கணக்கான முகங்களைத் துடைத்திருக்கிறேன். கறை எடுத்த பீஸ் நல்ல பீஸோடு சேர்ந்துவிட்டது. இது காரணம்தான், மன்னிப்பு இல்லை.

படம் மறுநாள் வந்தது. போனும் வர ஆரம்பித்தது. பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணையில் பார்த்ததாகச் சொன்னார்கள். அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். அது பண்ணையின் கணக்கப்பிள்ளை. பேப்பரில் தன் முகத்தைப் பார்த்த எரிச்சலில் இருந்தார். "நான் எதுக்குங்க காணாமப் போகோணும்? எனக்கென்ன கேடு?" என்று கேட்டார். அவிநாசியில் ஒரு பூக்கடைக்காரர், காங்கேயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல்காரர். எல்லாரும் சிவந்த, வழுவழுப்பான ஆண்கள். ஒவ்வொருவரையும் தூரத்திலேயே பார்த்துவிட்டு அவள் என் முதுகுக்குப் பின்னால் "இல்லக்கா" என்பாள். அந்த 'இல்லக்கா'வைக் கேட்கக் கேட்க எனக்கு அவள் மீதே கோபம் வந்தது. இவ்வளவு அலைகிறேனே, ஒருவனாவது இருக்கக்கூடாதா என்று.

அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். காலையில் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப் வரை போய், இறங்கித் தேடிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்புவாள். சாயங்காலம் என் ஸ்டுடியோ படியில் வந்து உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டாயா என்றால், "அவன் சாப்பிட்டானோ என்னமோ" என்பாள்.

ஒன்பதாம் நாள் மூலனூருக்குப் போனேன். முருங்கைக்காய் விலை ஏறியிருந்தது, சந்தையில் ஒரு படம் வேண்டும் என்றார்கள். எடுத்துவிட்டு எதிரே இருந்த கடையில் டீ குடித்தேன். கடைக்காரம்மா அறுபதை நெருங்கியவர். பழக்கதோஷத்தில் போனில் இருந்த படத்தை அவரிடமும் காட்டினேன்.

"இந்தப் பேப்பரு எங்க கடைக்கும் வந்துச்சுங்க" என்றார் அவர். "பாத்தமுங்க. அந்த வாரமே ஒருத்தரு இங்க வந்து ரெண்டு நாளு இருந்தாருங்க. பேச்சே இல்ல. காய்க்கட்டெல்லாம் தூக்கித் தூக்கிக் குடுத்தாரு. ஊதாச் சட்டைதானுங்க. நானும் எங்கூட்டுக்காரரும் பேப்பர அவரு மூஞ்சிக்குப் பக்கத்துல வெச்சு வெச்சுப் பாத்தமுங்க."

"அப்புறம்?"

"அவரு இல்லீங்களே இது. இவரு பாருங்க, ராசாவாட்டம் இருக்கறாரு. அவருக்கு இந்தப் பக்கங் கன்னம் பூராவும் வெந்து சுருங்கிக் கெடந்துச்சு சாமி. அப்பிடியொரு அடையாளம் இருந்தா பேப்பர்ல போடாம இருப்பாங்களா? வேற ஆளுன்னு உட்டுட்டமுங்க."

டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்திருக்கிறேன், அதுவும் ஒரு ஜில்லா முழுவதற்கும் அச்சடித்து. அவர் இங்கே, இந்த பெஞ்சில், என் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் போட்ட படம்தான் அவரைப் பார்த்து 'இது நீயில்லை' என்று சொல்லி அனுப்பியிருக்கிறது.

"எங்கீங்கம்மா போனாரு?"

"தேங்கா லோடு வண்டி ஒண்ணு டீக்கு நின்னுச்சுங்க. அதுல ஏறி உக்காந்துட்டாரு. டிரைவரும் பாவம்னு கூட்டிட்டுப் போயிட்டாப்ல. எந்தக் களத்து வண்டின்னு தெரியலீங்களே."

தேங்காய் என்றால் காங்கேயம். ஆனால் காங்கேயத்தைச் சுற்றிக் கொப்பரை காயப்போடும் களங்கள் எத்தனையோ இருக்கின்றன. எதில் போய்த் தேடுவது? அவருடைய நிஜமான முகம் கையில் வேண்டும். அது என்னிடம் இல்லை.

ரோட்டோரத்தில் நின்றபடியே டெஸ்கில் இருந்த மூத்தவருக்குப் போன் செய்தேன். "அண்ணா, அந்தக் காணவில்லை படம் நான் ஸ்டுடியோவுல வேலை பார்த்த படம்."

"எவ்வளவு வேலை?"

"பாதி முகம்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. "தழும்பு இருக்குன்னு எழுத்துல போட்டுடறேன். படம் போட முடியாது. நான் சொல்ற வரைக்கும் நீ எந்தப் படமும் அனுப்ப வேண்டாம்மா" என்றார். சரிங்கண்ணா என்றேன். அதில் எனக்கு வாதாட ஒன்றுமில்லை.

நான் வந்தபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்த எதுவும் வாயில் வரவில்லை. "உங்கண்ணன் மூலனூர்ல இருந்திருக்காரு கண்ணு. அங்கிருந்து தேங்கா வண்டில ஏறிப் போயிட்டாரு. பேப்பரப் பாத்தும் அவங்களுக்கு அடையாளம் தெரியல. நான் கன்னத்தை அழிச்சிட்டேன். என்னாலதான்" என்றேன். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"சாப்பாடு குடுத்தாங்களாமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

கொடுத்தார்கள் என்றேன். பிறகு அவளைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்து, நானும் உட்கார்ந்தேன். அழித்த தழும்பைத் திரும்ப வரைவது என்று முடிவு செய்திருந்தேன். பத்திரிகை போடாவிட்டால் என்ன, களத்துக்காரர்களின் வாட்ஸப் குழுக்களுக்கு அனுப்பலாம். ஆனால் மவுஸைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தத் தழும்பு எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு சிவப்புத் திட்டைப் போட்டேன். கண்ணுக்கு மிக அருகில் போய்விட்டது போலிருந்தது. அழித்தேன். மறுபடி போட்டேன். எடுக்க மட்டுமே பழகிய கை எனக்கு. எரிச்சலில் எழுந்து ஜன்னல்வரை போய்விட்டு வந்தேன்.

"அது இல்லக்கா" என்றாள் அவள். "கண்ணுக்குக் கீழ ரெண்டு விரல்கட விட்டுத்தான் ஆரம்பிக்கும்."

போட்டேன்.

"மேல அகலமா இருக்கும். கீழ வர வர ஒடுங்கிரும். உதட்டு முனையில ஒரு கீத்து, அரிசி நீளத்துக்கு. அங்கதான் தோலு இழுத்துக்கிடுச்சு. காதுக்குப் பின்னாடியும் போவும்க்கா, முடி மறைச்சிருக்கும். கழுத்துல மூணு சொட்டு. மூணாவது சின்னது."

திரையைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். நான் வரைந்துகொண்டே போனேன். நிறம்கூடச் சொன்னாள். மேலே வெளுப்பு, ஓரத்தில் கறுப்பு, வேர்த்தால் நடுவில் மட்டும் சிவக்கும். ஒரு மனுஷி இன்னொருவர் முகத்தில் ஒரு தழும்பை இவ்வளவு பார்த்திருக்க முடியுமா என்று திரும்பி அவளைப் பார்த்தேன்.

"எப்பிடிக் கண்ணு இத்தன கரெக்டாச் சொல்ற?"

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நாந்தானக்கா ஊத்தினேன்."

நான் மவுஸை விட்டேன்.

"எனக்கு ஒம்பது வயசு. அம்ம தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருந்தா. நான் சோறு வடிக்கேன். இவன் பின்னாடி வந்து சடையப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தான். சும்மாருன்னு எத்தன தடவ சொல்லுதது? வடிச்ச கஞ்சி அப்பிடியே சட்டில இருந்துச்சு. திரும்பி அவன் மூஞ்சியில... சட்டி நழுவிட்டுன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். அம்ம சாவுற வரைக்கும் அதத்தான் சொன்னேன். நழுவலக்கா. கோவத்துல ஊத்தினேன். அவனுக்குச் சொல்லத் தெரியாதுல்லா, அதனால யாருக்கும் தெரியாது."

எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. கால் இரண்டும் நாற்காலிக்குக் கீழே பரபரத்தன. ஓடவில்லை.

"நீங்க அழிச்சது அன்னிக்கே தெரியும்க்கா. படத்தக் கையில வாங்கினதும் பாத்தேன். நான் எதுவுமே செய்யாத மாதிரி இருந்துச்சு அந்தப் படத்துல. அதான் பெருசாப் போட்டு மாட்டினேன். அடையாளம் கேட்டியள்ல, வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா எப்பிடி வந்துச்சுன்னு கேப்பாங்கள்ல. சொல்ல முடியலக்கா. மறுபடியும் நாந்தான் அவனத் தொலைச்சேன்."

"ரெண்டு பேரும்தான்" என்றேன். வேறு ஆறுதல் எனக்குத் தெரியவில்லை. பொய்யாக ஒன்றைச் சொல்லி அவளைத் தேற்றும் யோக்கியதையும் எனக்கு இல்லை. மிச்சமிருந்த அந்த மூன்றாவது சொட்டை வரைந்து முடித்து, தெரிந்த எண்ணெய் மில்காரர், களத்துக்காரர், லாரி புக்கிங் ஆபீஸ்காரர் எல்லோருக்கும் அனுப்பினேன்.

மறுநாள் மதியம் காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு களத்திலிருந்து மேஸ்திரி பேசினார். "இவரு நம்ம களத்துலதானுங்க இருக்கறாரு. பத்திரமா இருக்கறாரு. வந்து கூட்டிட்டுப் போங்க."

ஸ்கூட்டரில் கிளம்பினோம். படியூர் தாண்டும்போதே தெற்கே வானம் கறுத்திருந்தது, கோடை மழை. அவள் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்கும் உள்ளூர ஒரு பயம். அந்தப் படத்தில் நான் வரைந்தது சரியா, இது இன்னொரு 'இல்லக்கா'வாகப் போய்விடுமா என்று.

நாங்கள் போய் இறங்கவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. களம் முழுவதும் வெள்ளை வெள்ளையாகக் கொப்பரை பரப்பிக் கிடந்தது. நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்று ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர் கூடைகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். கத்தலும் கூச்சலுமாக இருந்தது. நடுவில் ஊதாச் சட்டை. அவர்தான். இரண்டு கையாலும் வாரி வாரிக் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தார். வேர்வையில் கன்னத்தின் நடுப்பகுதி மட்டும் சிவந்திருந்தது.

"அண்ணே!" என்று கத்திக்கொண்டு அவள் ஓடினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒரு காலிக் கூடையை எடுத்து அவளிடம் நீட்டி, "அள்ளு, அள்ளு, மழ வருது" என்றார்.

வேறென்ன செய்வது? அவள் அள்ளினாள். நானும் கேமராப் பையை ஸ்கூட்டரில் போட்டுவிட்டு அள்ளினேன். யாரும் யாரையும் விசாரிக்க நேரமில்லை. தார்ப்பாயின் ஒரு மூலையை என்னிடம் கொடுத்து மேஸ்திரி, "இழுங்க, இழுங்க" என்றார். இழுத்துப் போர்த்திவிட்டு எல்லோரும் ஷெட்டுக்குள் ஓடியபோது மழை சரியாகப் பிடித்துக்கொண்டது.

"சொன்ன வேலையச் செய்யறாருங்க. சொல்லாததையும் செய்யறாருங்க. இங்க யாரும் அவர ஒண்ணும் சொல்றதில்லீங்க" என்றார் மேஸ்திரி என்னிடம். பேப்பரில் படம் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை.

ஓரத்தில் சாக்கு அடுக்கின் மீது அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் துப்பட்டாவால் அவர் தலையைத் துவட்டினாள். நெற்றியைத் துடைத்தாள். கன்னத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"அண்ணே" என்றாள், மழைச் சத்தத்தில் எனக்கே லேசாகத்தான் கேட்டது. "அன்னைக்குச் சட்டி நழுவலண்ணே. நான்தான் கோவத்துல ஊத்தினேன்."

அவர் அவளைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று யோசிப்பது தெரிந்தது. அவருக்கு எல்லாம் நிதானமாகத்தான் வரும். பிறகு அந்தரத்தில் நின்றிருந்த அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து, மேலும் கீழும் தேய்த்துக் காட்டினார்.

"ஆறிட்டு" என்றார். "பாரு. எப்பமோ ஆறிட்டு."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். பத்து நாளில் ஒருமுறைகூட அழாதவள், ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க வாய்விட்டு அழுதாள். அவர் மிரண்டுபோய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்கு இவ அழுவுதா?"

"சந்தோசத்துலங்க" என்றேன்.

அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. பக்கத்துக் கூடையில் துழாவி நல்லதாக ஒரு கொப்பரைத் துண்டை எடுத்து, சட்டையில் துடைத்து, அவள் கையில் வைத்தார்.